ஒத்திகை நிழல்

"நீ வேலை பார்த்த மேடம் எப்படின்னு போன் பண்ணிக் கேட்டா யாராவது உண்மையைச் சொல்வாங்களா?" என்றாள் மெர்லின். "ரொம்ப நல்லவங்க, நிறைய கத்துக்கிட்டேன்னு சொல்லிட்டு வச்சுடுவாங்க. நானே எத்தனை பேருக்கு அப்படிச் சொல்லியிருக்கேன். அதனாலதான் கம்பெனிக்காரங்க மனுஷங்களைக் கேட்கறதை விட்டுட்டு நிழலைக் கேட்க ஆரம்பிச்சுட்டாங்க."

ஞாயிற்றுக்கிழமை காலை. நாவலூரில் தாரணியின் பதினோராவது மாடி வீடு. மெர்லின் வேளச்சேரியிலிருந்து ஆப்பமும் தேங்காய்ப்பாலும் கட்டி எடுத்து வந்திருந்தாள். இருவரும் பழைய ஆபீஸ் சிநேகிதிகள். மெர்லின் இப்போது வேறு ஒரு கம்பெனியில் ஆட்களைத் தேர்வு செய்யும் பிரிவில் இருந்தாள். தாரணி எங்கேயும் இல்லை. அவள் நடத்தி வந்த டீமையே கலைத்துவிட்டார்கள். அதன் பிறகு போன இடங்களில் எல்லாம் கடைசிச் சுற்றில் யாரோ இளையவருக்கு வேலையைக் கொடுத்துவிட்டு அவளை அனுப்பிவிட்டார்கள். நாற்பத்துமூன்று வயதில் மேனேஜர் வேலைக்குக் கூப்பிட்டிருப்பது இந்த ஒரு கம்பெனிதான்.

"டீமை விட்டுப் போகும்போது ஒரு கையெழுத்துப் போட்டோமே, ஞாபகம் இருக்கா?" மெர்லின் ஆப்பத்தைப் பிய்த்தபடி தொடர்ந்தாள். "அன்னைக்கு வரைக்கும் நாம மீட்டிங்ல பேசினது, மெசேஜ்ல யார் யாருக்கோ அனுப்பினது, எல்லாத்தையும் வச்சு நம்மளை மாதிரியே பேசற ஒண்ணைச் செஞ்சு வச்சிருப்பாங்க. அன்னைக்கோட அதுக்கு உலகம் நின்னு போச்சு. அப்புறம் நடந்தது எதுவும் அதுக்குத் தெரியாது. உன்கிட்ட அதுக்கு ஆக வேண்டியது எதுவும் இல்லை. அதனால மனசுல இருக்கறதைச் சொல்லிடும்."

"யாருடைய நிழலைக் கூப்பிடுவாங்க?"

"அவங்களே மூணு பேரைத் தேர்ந்தெடுப்பாங்க. உனக்கு லிஸ்ட் வந்திருக்குமே."

தாரணி போனை அவள் பக்கம் தள்ளினாள். பூர்ணிமா, ஷாகுல், கதிரேசன்.

மெர்லின் வாயில் இருந்ததை மென்று விழுங்கினாள். "உன் கதிரேசனா?"

"என்கிட்ட ஒரு கதிரேசன்தானே வேலை பார்த்தான்."

கதிரேசன் அவள் டீமில் இரண்டு வருடம் இருந்தான். பிறகு தானாகவே கேட்டு வேறு டீமுக்கு மாறினான். மாறிய சில மாதங்களில், ஆபீஸ் கேன்டீனில் தட்டைக் கையில் வைத்துக்கொண்டே, கல்யாணம் செய்துகொள்ளலாமா என்று அவளிடம் கேட்டான். செய்துகொண்டார்கள். ஏழு வருடம் இதே வீட்டில் இருந்தார்கள். போன வருடம் அவன் காரைக்குடிக்குப் போய் ஒரு பாலிடெக்னிக்கில் வாத்தியார் வேலையில் சேர்ந்தான். சண்டை என்று எதுவும் இல்லை. சண்டை நடந்திருந்தால் சமாதானமும் நடந்திருக்கும். இரண்டும் இல்லாமல் அவன் துணிகளை மடித்து எடுத்துக்கொண்டு கிளம்பினான். மடித்தது சரியில்லை என்று தாரணி அதைத் திரும்ப மடித்துப் பெட்டியில் வைத்துக் கொடுத்தாள்.

"அவங்களுக்கு அவன் உன் புருஷன்னு தெரியுமா?"

"தெரியாது. அந்த நிழலுக்கும் தெரியாது."

"வேண்டாம்னு சொல்லி வேற ஆளைக் கேட்கலாமே."

"ஏன் வேண்டாம்னு கேட்டா என்ன சொல்றது?"

மெர்லின் இன்னொரு ஆப்பத்தை எடுத்துக்கொண்டாள். "சரி, ஒத்திகைக்கு நிழலோட பிரதி கொடுப்பாங்க. நல்லா பேசிப் பழகிக்கோ," என்று மட்டும் சொன்னாள்.

பிரதிகள் மறுநாளே வந்தன. மூவரிடமும் எத்தனை முறை வேண்டுமானாலும் பேசிப் பார்க்கலாம். ஒவ்வொரு பதிலுக்கும் கீழே 'சரி', 'தவறு' என்று இரண்டு பொத்தான்கள் இருந்தன. நிழல் ஒரு பெயரையோ வருடத்தையோ மாற்றிச் சொன்னால் தவறு என்று அழுத்தலாம். அது தன்னைத் திருத்திக்கொள்ளும். அதற்காக வைத்ததுதான் அந்தப் பொத்தான்.

பூர்ணிமாவின் நிழல் அப்போது போலவே கலகலவென்று பேசியது. ஷாகுலின் நிழல் விடுமுறை மறுத்த ஒரு பழைய கணக்கைக் கிளறியது. அதற்கு என்ன பதில் சொல்வது என்று தாரணி குறித்துக்கொண்டாள். மூன்றாவதைத் திறப்பதற்கு முன் எழுந்து போய்த் தண்ணீர் குடித்தாள்.

"வணக்கம் தாரணி. சாப்பிட்டீங்களா?"

அவன் ஒவ்வொரு சந்திப்பையும் அப்படித்தான் ஆரம்பிப்பான். கல்யாணத்துக்குப் பிறகு அந்த 'நீங்க' போய்விட்டது. காரைக்குடிக்குப் போன பிறகு அந்தக் கேள்வியும் போய்விட்டது.

"சாப்பிட்டேன். நீ?"

"நான் இன்னும் இல்லை. கம்ப்யூட்டர்ல இந்த பில்ட் ஓடி முடிஞ்சதும் போகணும்."

எந்த பில்ட் என்று அவளுக்கு நினைவில்லை. அவனுக்கு அது இன்னும் ஓடிக்கொண்டிருந்தது. தொண்டையைச் சரிசெய்துகொண்டு நேர்காணல் நடத்துபவரின் குரலில் கேட்டாள். "தாரணியிடம் மறுபடியும் வேலை பார்ப்பீர்களா?"

அவன் கொஞ்சம் யோசித்தான். யோசிக்கும்போது பேனா மூடியைத் திறந்து மூடுகிற சத்தம் கூட வந்தது. "இல்லை. பார்க்க மாட்டேன். நான் எழுதின புரோகிராமைச் சாயங்காலம் விட்டுட்டுப் போவேன். காலைல வந்து பார்த்தா தாரணி அதை மாத்தி எழுதி வச்சிருப்பாங்க. சொல்லவும் மாட்டாங்க, கேட்கவும் மாட்டாங்க. நான் எழுதினது எங்கே தப்புன்னு எனக்குத் தெரியவே..."

தாரணி 'தவறு' என்று அழுத்தினாள்.

குரல் பாதியில் நின்றது. "மன்னிச்சுக்கோங்க. வேற மாதிரி சொல்றேன்."

அவளைப் பொறுத்தவரை அது தவறுதான். காலை அழைப்பில் வெளிநாட்டு வாடிக்கையாளர் அந்தப் பையனைத் தாளித்துவிடக் கூடாதே என்றுதான் அவள் திருத்தி வைப்பாள். எடுத்துச் சொல்லிப் புரிய வைக்க அரை நாள் ஆகும், தானே செய்தால் பத்து நிமிடம். டீமில் எல்லோருக்குமே அப்படித்தான் செய்தாள். அதில் ஒருவன் இப்படிக் குறைப்பட்டிருப்பான் என்பதை நம்ப முடியவில்லை. இரண்டாவது முறை கேட்டாள். அவன் கொஞ்சம் மென்மையாக அதையே சொன்னான். மறுபடியும் 'தவறு'. நான்காவது முறை, "தாரணி ரொம்பப் பொறுப்பானவங்க. சில சமயம் எங்க பாரத்தையும் அவங்களே சுமந்துடுவாங்க," என்றான்.

'சரி' என்று அழுத்தினாள். இது நேர்காணலுக்கு ஏற்ற குறை. குறை மாதிரியும் இருக்கும், பாராட்டு மாதிரியும் இருக்கும்.

அதன் பிறகு வந்த நாட்களில் அவள் நிஜமாகவே உழைத்தாள். 'உங்கள் டீமில் இருவருக்குள் பிணக்கு வந்தபோது என்ன செய்தீர்கள்', 'நன்றாக வேலை செய்யாத ஒருவரிடம் அதை எப்படிச் சொன்னீர்கள்', 'நீங்கள் எடுத்த தவறான முடிவு எது'. ஒவ்வொன்றுக்கும் ஒரு சம்பவம், அதில் தன் பங்கு, அதன் விளைவு என்று மூன்று நிமிடத்துக்குள் அடங்கும் பதில். பாத்திரம் கழுவும்போதும் பேசிப் பார்த்தாள். குடியிருப்பின் செயலாளர் லிஃப்டில் தண்ணீர் லாரியைப் பற்றி ஏதோ கேட்டபோது, சூழ்நிலையை விளக்கி, தான் எடுத்த நடவடிக்கையைச் சொல்லி, முடிவோடு நிறுத்தினாள். அவர் ஐந்தாவது மாடியிலேயே இறங்கிக்கொண்டார்.

பூர்ணிமாவையும் ஷாகுலையும் திறப்பது குறைந்துபோனது. கதிரேசனை மட்டும் தினமும் திறந்தாள். முதலில் நேர்காணல் கேள்விகள். பிறகு கேள்விகள் இல்லாமலே. காலையில் காபியோடு உட்கார்ந்தால் அவன் சாப்பிட்டாயா என்று கேட்பான். 'நீங்க' என்று சொன்னபோதெல்லாம் 'தவறு' என்று அழுத்தி அதை 'நீ' என்று மாற்றியிருந்தாள். வாஷிங் மெஷின் பாதிதான் நிறைகிறது, ஆனாலும் ஓட்டுகிறேன் என்று அவனிடம் சொன்னாள். பால்கனியில் இருந்து பார்த்தால் கடல் தெரியும் என்று சொல்லி விற்றார்களே, இப்போது நடுவில் இன்னொரு கட்டடம் வந்துவிட்டது என்று சொன்னாள். அவன் யோசிக்கும்போது வந்த பேனா மூடிச் சத்தம் அவளுக்கு எரிச்சலாக இருந்ததால் அதையும் எடுத்துவிட்டாள். இப்போது கேட்டவுடன் பதில் சொன்னான். எல்லாப் பதிலும் நன்றாக இருந்தது.

நேர்காணலுக்கு முந்தைய ஞாயிறு மெர்லின் மறுபடி வந்தாள். தாரணி பெருமையோடு ஒத்திகையைக் காட்டினாள்.

"தாரணியிடம் மறுபடியும் வேலை பார்ப்பீர்களா?"

"கண்டிப்பா. எங்க எல்லாரையும் கைப்பிடிச்சு வளர்த்தவங்க அவங்க. அவங்க இருந்தா எனக்கு ஒரு தைரியம்."

மெர்லின் போனை எடுத்துத் திருப்பித் திருப்பிப் பார்த்தாள். "இது யாரு?"

"கதிர்."

"கதிர் எங்கே இப்படிப் பேசினான்? அவன் ஒரு வாக்கியத்தைச் சொல்லி முடிக்கறதுக்குள்ள நாம ரெண்டு ஆப்பம் சாப்பிட்டிருப்போம். என்ன பண்ணி வச்சிருக்கே?"

"கொஞ்சம் திருத்தினேன்."

"நாளன்னைக்கு அங்கே பேசப்போறது இது இல்லைடி. அவங்ககிட்ட இருக்கறது கை வைக்காத மூலம்."

"தெரியும்."

"தெரியுமா? பரீட்சைத் தாளை நீயே எழுதி, நீயே திருத்தி, நூத்துக்கு நூறு போட்டு வச்சிருக்கே. இத்தனை வருஷம் சாஃப்ட்வேர்ல இருந்தவ செய்யற காரியமா இது?"

தாரணிக்குக் கோபம் வந்தது. "உனக்கென்ன, வீட்டுக்குப் போனா நாலு பேர் இருக்காங்க."

மெர்லின் பையை எடுத்துக்கொண்டு எழுந்தாள். கிளம்பும்போது மெர்லின் செருப்பை மாட்டிக்கொண்டே, "பட்டுப்புடவை வேண்டாம். அந்த நீலக் காட்டன் கட்டிக்கிட்டுப் போ," என்று சொல்லிவிட்டுப் போனாள்.

தரமணியில் இருந்தது அந்த அலுவலகம். நஸ்ரின் என்ற ஐம்பது வயதுப் பெண்மணியும் கௌசிக் என்ற இளைஞனும் எதிரே உட்கார்ந்திருந்தார்கள். மேஜையில் ஒரு சின்ன ஒலிபெருக்கியும், தாரணியின் கைக்கு எட்டும் இடத்தில் ஒரு பொத்தானும் இருந்தன.

"நிழல் பேசும்போது உங்களுக்குச் சங்கடமா இருந்தா இதை அழுத்தலாம்," என்றார் நஸ்ரின். "பேச்சு நின்னுடும். அது உங்க உரிமை. அதுக்காக மார்க் எதுவும் குறைக்க மாட்டோம்."

பூர்ணிமாவும் ஷாகுலும் ஒத்திகையில் பேசியதைத்தான் ஏறக்குறைய பேசினார்கள். தாரணியின் பதில்கள் கச்சிதமாக வந்தன. கௌசிக் தலையாட்டியபடி குறித்துக்கொண்டான். அவனுக்கு அவளைப் பிடித்துவிட்டது என்று தெரிந்தது. இந்த ஒன்றைத் தாண்டிவிட்டால் வேலை அவளுக்குத்தான்.

"கதிரேசன், நீங்க தாரணிகிட்ட மறுபடியும் வேலை பார்ப்பீங்களா?" என்று நஸ்ரின் கேட்டார்.

பேனா மூடி திறந்து மூடும் சத்தம். பல நாட்களுக்குப் பிறகு அதைக் கேட்டதும் தாரணி பொத்தானின் பக்கம் கையை நகர்த்தினாள்.

"இல்லை. பார்க்க மாட்டேன்."

கௌசிக் நிமிர்ந்தான்.

"நான் எழுதின புரோகிராமைச் சாயங்காலம் விட்டுட்டுப் போவேன். காலைல வந்து பார்த்தா தாரணி அதை மாத்தி எழுதி வச்சிருப்பாங்க. சொல்லவும் மாட்டாங்க, கேட்கவும் மாட்டாங்க. நான் எழுதினது எங்கே தப்புன்னு எனக்குத் தெரியவே தெரியாது."

அவள் விரல் பொத்தானின் மேல் இருந்தது. ஒத்திகையில் இந்த இடத்தைத் தாண்டி அவள் ஒருமுறையும் போனதில்லை. இதற்குப் பிறகு அவன் என்ன சொல்வான் என்பது அவளுக்குத் தெரியாது.

"அவங்க கெட்டவங்க இல்லை," என்று அவன் மெதுவாகத் தொடர்ந்தான். "என்னைக் காப்பாத்தறதா நினைச்சுத்தான் செய்யறாங்க. ஆனா ரெண்டு வருஷம் வேலை பார்த்தும் எனக்கு வேலை தெரியுமா தெரியாதான்னு எனக்கே தெரியலை. அதான் வேற டீம் கேட்டிருக்கேன்."

அவன் நிறுத்தினான். முடித்துவிட்டான் என்று நினைத்து நஸ்ரின் அடுத்த கேள்விக்கு வாய் திறந்தார்.

"இன்னொண்ணும் இருக்கு. இதை எங்கேயும் போட மாட்டீங்கல்ல? எனக்குத் தாரணியைப் பிடிக்கும். டீம் மாறினதும் கல்யாணம் பண்ணிக்கலாமான்னு கேட்கலாம்னு இருக்கேன். ஆபீஸ்லதான் இப்படி. வீட்டுல இப்படி இருக்க மாட்டாங்கன்னு நம்பறேன்."

கௌசிக் மேஜையைப் பார்த்தான். நஸ்ரின் ஒலிபெருக்கியை அணைத்துவிட்டு, தண்ணீர் டம்ளரைத் தாரணியின் பக்கம் நகர்த்தினார்.

"இது இதுல வரும்னு எங்களுக்குத் தெரியாது. மன்னிக்கணும்."

"பரவாயில்லை."

"கேட்டாரா?"

"கேட்டார். கல்யாணமும் ஆச்சு. இப்போ தனித்தனியா இருக்கோம்."

"இதுக்கு நீங்க பதில் சொல்லித்தான் ஆகணும்னு இல்லை."

இதற்கும் அவளிடம் ஒரு பதில் தயாராக இருந்தது. அப்போது அனுபவம் குறைவு, பிறகு பயிற்சி எடுத்துக்கொண்டேன், இப்போது எல்லாவற்றையும் டீமிடம் கலந்து பேசியே செய்கிறேன். மூன்று நிமிடத்துக்குள் அடங்கும். அவள் வாயைத் திறந்தபோது அது வரவில்லை.

"ஒத்திகையில அவர் இதைச் சொல்ல ஆரம்பிச்சப்பவே நான் தவறுன்னு அழுத்திட்டேன்," என்றாள். "மூணு தடவை அழுத்தினேன். அப்புறம் எனக்குப் பிடிச்ச மாதிரி சொன்னார். யோசிக்கும்போது ஒரு சத்தம் வருமே, அதைக்கூட எடுத்துட்டேன். வீட்டுல என்கிட்ட இருக்கற கதிரேசன் என்னைப் பத்தி நல்லதா மட்டும்தான் பேசுவார். அவர் சொன்னது அத்தனையும் சரி. நான் இன்னும் அதைத்தான் செஞ்சுக்கிட்டு இருக்கேன். போன வாரம் வரைக்கும்."

கௌசிக் பேனாவைக் கீழே வைத்துவிட்டான். நஸ்ரின் மட்டும் எதையோ எழுதினார்.

வேலை கிடைக்காது என்று நினைத்துக்கொண்டே தாரணி மெட்ரோ ரயில் ஏறினாள். அழுகை வரவில்லை. கூட்டமான பெட்டியில் நின்றபடி, வீட்டில் அவன் காய் நறுக்கிவிட்டுப் போன பிறகு அதையே இன்னும் சிறிதாக நறுக்கியது, அவன் அக்காவுக்கு எழுதிய வாழ்த்தைத் தான் மாற்றி அனுப்பியது, ஒரு கட்டத்தில் அவன் எதையும் செய்யாமல் சோபாவில் உட்கார ஆரம்பித்தது, சோம்பேறி என்று தான் சொன்னது, எல்லாம் ஒன்றன்பின் ஒன்றாக வந்து நின்றன.

மறுநாள் மதியம் நஸ்ரின் அழைத்தார்.

"வேலை உங்களுக்குத்தான் தாரணி. திங்கட்கிழமை வந்துடுங்க. ஒரே ஒரு நிபந்தனை."

"சொல்லுங்க."

"உங்க டீம் எழுதற புரோகிராமை நீங்க படிக்கலாம். கருத்து எழுதலாம். அதுல ஒரு எழுத்தை மாத்தற அனுமதிகூட உங்க கணக்குக்கு இருக்காது. நானே எடுத்துட்டேன்."

தாரணிக்குத் தன்னையறியாமல் சிரிப்பு வந்தது. "வேற யாருக்காவது இப்படிச் செஞ்சிருக்கீங்களா?"

"எனக்கு நானே செஞ்சுக்கிட்டேன்," என்றார் நஸ்ரின். "ஆரம்பத்துல கை அரிக்கும். பழகிடும்."

போனை வைத்த பிறகு வீடு முன்பைவிட அமைதியாக இருந்தது. யாரிடமாவது சொல்ல வேண்டும் போலிருந்தது. கை பழக்கத்தில் ஒத்திகைப் பிரதியைத் திறந்தது.

"எனக்கு வேலை கிடைச்சுடுச்சு."

"எனக்குத் தெரியும் தாரணி," என்று அது உடனே சொன்னது. "உனக்குக் கிடைக்காம வேற யாருக்குக் கிடைக்கும்? நீ எப்பவும் சரியாத்தான் செய்வே."

அதில் கதிரேசனின் குரல் மட்டும்தான் மிச்சம் இருந்தது. மற்றதெல்லாம் அவள் எழுதியது. இந்த வாரங்கள் முழுக்க அவள் தன்னோடுதான் காபி குடித்திருக்கிறாள். பிரதியை அழிக்கலாமா என்று திரை இரண்டு முறை கேட்டது. இரண்டு முறையும் ஆம் என்றாள்.

பிறகு காரைக்குடிக்குப் போன் செய்தாள். மணி வெகுநேரம் அடித்தது.

"தாரணியா? என்ன, எல்லாம் சரியா இருக்கா?"

"சரியா இருக்கு. வேலை கிடைச்சுடுச்சு. தரமணியில."

"ம்... நல்லது."

"அங்கே உன் நிழல் பேசிச்சு."

"தெரியும். எனக்கு நோட்டீஸ் வந்துச்சு. மாத்தணும்னா மாத்திக்கலாம், வேண்டாம்னா எடுத்துடலாம்னு போட்டிருந்தாங்க. அது என்ன சொல்லும்னு போட்டுக் கேட்டேன்."

"ஏன் மாத்தலை?"

அவன் யோசித்தான். அவள் காத்திருந்தாள்.

"வீட்டைப் பத்தின அந்தக் கடைசி வரியை மட்டும் எடுத்துடலாம்னு ரெண்டு நாள் நினைச்சேன். அப்புறம் விட்டுட்டேன். அது நான் இல்லையே. அந்தப் பையன். அவனுக்கு அன்னைக்கு அப்படித் தோணியிருக்கு. அவன் பேச்சை நான் எதுக்குத் திருத்தறது? அதனால உனக்கு வேலை கிடைக்காமப் போயிருந்தா... அதை நினைச்சா பயமாத்தான் இருந்துச்சு. போன் பண்ணிச் சொல்லியிருக்கணும். என்ன சொல்றதுன்னு..."

வாக்கியம் அந்தரத்தில் நின்றது. அதை எப்படி முடிக்க வேண்டும் என்று அவளுக்குத் தெரியும். வார்த்தைகள் நாக்கு நுனி வரை வந்தன. அவள் முடிக்கவில்லை.

"இரு, இரு," என்றான் அவன் திடீரென்று. "பால் பொங்குது."

போனை எங்கோ வைக்கிற சத்தம். அடுப்பை அணைத்த சத்தம். பாத்திரம் ஏதோ தரையில் உருண்டது. குழாய் திறந்து மூடியது. துணியால் மேடையைத் துடைக்கிறான் போல, மெதுவாக, விட்டு விட்டு. முதலில் காய்ந்த துணியால் ஒற்றியெடுத்துவிட்டுப் பிறகு ஈரத்துணியால் துடைக்க வேண்டும். இல்லையென்றால் பிசுபிசுப்பு போகாது.

தாரணி ஒன்றும் சொல்லாமல் போனைக் காதில் வைத்துக்கொண்டு, அவன் துடைத்து முடித்து வரட்டும் என்று உட்கார்ந்திருந்தாள்.